இருட்டில் செத்த ஆர்க்கிட்டுகள்

ஆர்க்கிட் நிழலில் வளரும் செடி என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். இது கிட்டத்தட்ட இருநூறு வருடப் பழைய எண்ணம். இதனால் செத்த செடிகளுக்குக் கணக்கே இல்லை.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. பர்மா, இந்தியா, தென் அமெரிக்கா என்று எல்லா இடத்திலிருந்தும் காட்டுச் செடிகள் பெட்டி பெட்டியாகக் கப்பலேறின. வெப்பமண்டலக் காடு என்றால் சூடு, ஈரம், இருட்டு என்றுதான் அங்கே நினைத்தார்கள். 1830இல் ஜான் லிண்ட்லி என்ற பெரிய தாவரவியலாளரே கடும் வெப்பமும் ஆழ்ந்த நிழலும் மிகுந்த ஈரப்பதமும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கண்ணாடி வீட்டை இறுக மூடி அடுப்பெரித்தார்கள். உள்ளே செடிகள் அழுகின. அதே பத்தாண்டில் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் வெப்பத்தைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்துப் பார்த்தார். செடிகள் பிழைத்தன.

இங்கே பர்மாவில், 1852 முதல் 1878 வரை மோல்மேனில் பாதிரியாராக இருந்த சார்லஸ் பாரிஷ் ஆர்க்கிட்டுகளைத் தேடிச் சேகரித்தார், வரைந்தார். ‘டென்ட்ரோபியம் பாரிஷியை’ அவர் பெயரைத் தாங்கிய செடி. அவர் சுற்றிய காடுகளில் இன்றும் நடப்பது இதுதான்: மழைக்காலத்தில் ஆர்க்கிட் மரத்தின் இலைகளுக்கு அடியில், சல்லடை வழியாக விழுவது போன்ற வெளிச்சத்தில் தளிர்விடுகிறது. மழை நின்றதும் தேக்கு முதலான மரங்கள் இலையுதிர்க்கின்றன. பல டென்ட்ரோபியங்களும் கூடவே உதிர்க்கின்றன. வெயில் நேராக அதன் தண்டில் விழுகிறது. அதற்குப் பிறகுதான் பூ.

ஆர்க்கிட் மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அல்ல. தரையில் கிடைக்காத வெளிச்சம் மேலே கிடைப்பதால்தான் அது கிளையில் வாழ்கிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஃபெலனாப்ஸிஸுக்கு 10,000 முதல் 15,000 வேண்டும், டென்ட்ரோபியத்துக்கு 20,000 முதல் 30,000. விளக்குப் போட்ட ஹாலில் கிடைப்பது சில நூறுதான். யாங்கூனில் முன்னும் பின்னும் மட்டும் ஜன்னல் உள்ள அடுக்குமாடியில் நடு அறை ஆர்க்கிட்டுக்கு ஆகாது. பால்கனிக்குக் கொண்டுபோங்கள், உச்சி வெயிலுக்கு மட்டும் வலை கட்டுங்கள். லண்டன் டிசம்பரில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. அங்கே ஜன்னலோரம் வைத்தாலும் போதாது. செடிக்கு அருகில் எல்இடி விளக்கைத் தினமும் 12 மணி நேரம் எரியவிடுங்கள்.

போதுமா என்று இலையே சொல்லும். கரும்பச்சை என்றால் வெளிச்சம் குறைவு. வெளிர்பச்சை என்றால் சரி. மஞ்சளாகிக் கருகினால் அதிகம். இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.