மூன்று இறுதிச் சுற்றுகள், எட்டாத கோப்பை

ஐரோப்பியக் கூடைப்பந்து மன்றங்கள் 1958-லேயே தங்களுக்குள் கோப்பைக்காக மோதத் தொடங்கிவிட்டன. தென்கிழக்காசியாவில் அப்படியொரு தொழில்முறை லீக் பிறக்க 2009 ஆனது.

சிங்கப்பூருக்கோ இந்த ஆட்டம் புதிதல்ல. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அதன் ஆண்கள் அணி 13-ஆவது இடம் பிடித்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 2006-இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணி உருவானது. முதலில் அது விளையாடியது ஆஸ்திரேலியாவின் தேசிய லீக்கில். எதிரணியின் ஊருக்குப் போக ஒவ்வொரு முறையும் நெடுந்தூர விமானப் பயணம், செலவும் கூடியது. 2008-இல் அணி விலகிக்கொண்டது.

மறு ஆண்டு அக்டோபரில் ஆசியான் கூடைப்பந்து லீக் ஆறு அணிகளோடு தொடங்கியது. ஸ்லிங்கர்ஸ் அவற்றுள் ஒன்று. முதல் கோப்பை பிலிப்பைன் பேட்ரியட்ஸுக்குப் போனது.

பயிற்றுநர் நியோ பெங் சியாங்கின் காலத்தில்தான் அணி நிமிர்ந்தது. ஸ்லிங்கர்ஸில் வளர்ந்த உள்ளூர் வீரர்களோடு, 2013, 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் சிங்கப்பூர் வெண்கலம் வென்றது. லீக் கோப்பை மட்டும் கைகூடவில்லை. 2016-இல் மலேசியா டிராகன்ஸ், 2017-இல் ஹாங்காங் ஈஸ்டர்ன், 2019-இல் இந்தோனேசியாவின் சிஎல்எஸ் நைட்ஸ் என மூன்று இறுதிச் சுற்றுகளிலும் தோல்வி. அவற்றுள் இரண்டு, ஐந்தாவது ஆட்டம்வரை நீண்டவை.

அடுத்த பருவத்தைக் கொவிட்-19 பாதியிலேயே நிறுத்தியது.