சிரட்டைக் கரியும் கனிகளின் ஆயுளும்

யாழ்ப்பாணத்து வளவுகளில் வாழைக்குலை பழுக்கப்போடும் முறை மிகப் பழையது. நிலத்திலே குழி வெட்டி, வாழைச்சருகு பரப்பி, குலையை உள்ளே வைத்து மூடி, ஒரு புறத்திலே விட்ட துவாரத்தின் வழியாகப் பொச்சுமட்டைப் புகையை ஊதிவிடுவர். சில நாள்களில் குலை மஞ்சளாகும். புகையின் சூடே காயைக் கனிவிக்கிறது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது சூட்டின் வேலையன்று. அரைகுறையாய் எரியும் பொச்சிலிருந்து எழும் எதிலீன் என்னும் வாயுவின் வேலை. தென்னையின் பொச்சு இவ்வாறு கனிவிக்க, அதே தென்னையின் சிரட்டையோ, கரியாகிப் பக்குவம் பெற்றபின், கனிவைத் தாமதிக்கும் பொருளென்று பெயர் பெற்றது. அப்பெயர் எவ்வளவுக்குத் தகும் என்பதே இவ்வரலாற்றின் கேள்வி.

எதிலீனை முதலிற் காட்டிக்கொடுத்தவை பழங்களல்ல, தெருவிளக்குகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் நிலக்கரி வாயுவால் விளக்கேற்றின. குழாய்கள் கசிந்த இடங்களில் மரங்கள் காலமல்லாக் காலத்தில் இலையுதிர்த்தன. 1901ஆம் ஆண்டில், உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில், டிமித்திரி நெல்யூபொவ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் ஒரு விந்தையைக் கண்டார். ஆய்வுகூடத்தின் உள்ளே முளைத்த பட்டாணி நாற்றுக்கள் நிமிராது பக்கவாட்டிற் சாய்ந்து வளர்ந்தன. வெளிக்காற்றில் முளைத்தவை நேரே நின்றன. விளக்கு வாயுவின் கூறுகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்து, குற்றவாளி எதிலீனே என்று அவர் நிறுவினார்.

வணிகர் கண்ட அனுபவமும் இதே திசையைக் காட்டிற்று. கலிபோர்னியாவில் பச்சை எலுமிச்சங்காய்களை மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளில் வைத்து மஞ்சளாக்கினர். அங்கும் சூடே காரணமென்று நம்பினர். வேறு வழியால் அறையைச் சூடாக்கியபோது காய் நிறம் மாறவில்லை. குழிப்புகையைப் பற்றிய அதே மயக்கம் கடல் கடந்தும் இருந்தது! அடுப்பின் ஆவியிலுள்ள எதிலீனே நிறமூட்டியது என்பதை டெனி என்பவர் 1924இல் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1910இல், ஜமேக்காவிலிருந்து கசின்ஸ் என்பவர் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார்: தோடம்பழங்களுடன் ஒரே கப்பல் அறையில் வாழைக்குலைகளை ஏற்றினால் குலைகள் வழியிலேயே பழுத்துவிடும். நல்ல தோடம்பழம் எதிலீனை மிகச் சிறிதளவே விடும்; அவற்றிற் சில பூஞ்சணம் பிடித்திருக்கவேண்டும் என்பது பிற்கால அறிஞர் கருத்து. எவ்வாறாயினும் ஒரு பழம் மற்றொரு பழத்தைப் பழுக்கவைக்கும் என்பது வெளிப்பட்டது. அப்பிள் பழங்கள் தாமே எதிலீனை உண்டாக்குகின்றன என்பதை 1934இல் இங்கிலாந்தில் றிச்சட் கேன் இரசாயன முறையில் நிறுவினார்.

பகைவன் இன்னான் என்று தெரிந்தது. அவனைப் பிடிக்க யாரை அனுப்புவது? எல்லோர் கண்ணும் கரியின்மேல் விழுந்தது.

கரி அந்நாளில் பெரும் புகழுடன் இருந்தது. அது வாயுக்களைத் தன்பால் ஈர்க்கும் என்பதைச் சுவீடன் நாட்டு ஷீலே 1773இலேயே கண்டிருந்தார். 1785இல் லோவிற்ஸ் என்பவர், நெல்யூபொவின் அதே சென் பீற்றர்ஸ்பேர்க்கில், கரி கரைசல்களின் நிறத்தை நீக்குவதைக் கண்டார். 1900ஐ ஒட்டி ஒஸ்திறெய்க்கோ என்பவர், செஞ்சூட்டில் உள்ள கரிமேல் நீராவியோ காபனீரொட்சைட்டோ செலுத்தி, அதனுள் எண்ணற்ற நுண்துளைகளைத் திறக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதுவே ஏவப்பட்ட கரி. நல்ல கரியில் ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய 1000 சதுரமீற்றர் மேற்பரப்பு அடங்கும். யாழ்ப்பாணக் கணக்கில் சொன்னால், ஒரு சிட்டிகைக் கரிக்குள் நாலு பரப்புக் காணி!

1915ஆம் ஆண்டு ஏப்பிரில் 22ஆம் நாள் ஈப்பர் களத்திலே ஜேர்மன் படை குளோரீன் வாயுவை விட்டது. அவ்வாண்டிலேயே பேராசிரியர் செலின்ஸ்கி கரி நிரப்பிய முகமூடியை உருவாக்கினார். அடர்ந்த கரிக்குச் சிரட்டையே சிறந்ததென்று கண்டனர். சிரட்டை போதாமையால் அமெரிக்கர் 1918இல் பீச்சுப்பழக் கொட்டைகளைக் கூட வீடுவீடாகச் சேர்த்தனர்.

மனிதனின் மூச்சைக் காத்த கரி, கனியின் மூச்சையும் காக்குமல்லவா? இவ்வெண்ணத்தோடு அமெரிக்கக் கோணெல் பல்கலைக்கழகத்தில் சவுத்விக், சிமொக் என்போர் அப்பிள் களஞ்சியக் காற்றைக் கரியினூடாகச் செலுத்திச் சோதித்தனர்; 1943இல் முடிவுகளை வெளியிட்டனர். களஞ்சியத்தின் வாசனைகளும் பழங்கள் விடும் வேறு ஆவிகளும் கரியில் தங்கின. எதிலீனோ பெரும்பாலும் தப்பிச் சென்றது.

காரணம் எளியது. புறத்துறிஞ்சல் என்பது மூலக்கூறுகள் கரியின் மேற்பரப்பில் வந்து ஒட்டுதலாகும். பெரிய, எளிதில் திரவமாகும் மூலக்கூறுகள் நன்றாக ஒட்டும். எதிலீனோ சிறியது, இலேசானது. -104 பாகை வரை குளிர்வித்தாலன்றித் திரவமாகாது. அன்றியும் அது களஞ்சியக் காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே பழத்தைப் பழுக்கத் தூண்டும். அத்தனை ஐதான வாயுவைப் பிடித்து வைக்கக் கரிக்கு வலிமை இல்லை.

ஆகவே கரிக்குத் துணை தேடினர். புரோமீன் ஊட்டிய கரி எதிலீனுடன் கூடி அதைக் கனமான திரவமாக்கித் தன்னுள் வைத்துக்கொண்டது. ஆனால் புரோமீன் உலோகத்தை அரிப்பது, மூச்சுக்குத் தீயது. பழத்தைக் காக்கப்போய்க் காவலாளியின் நெஞ்சைக் கெடுக்கும் முறை நிலைக்கவில்லை. 1970இல் அவுஸ்திரேலியாவில் ஸ்கொற், மக்கிளாசன், றொபேற்ஸ் என்போர், பச்சை வாழைக்காய்களைப் பொலித்தீன் பைகளில் பொற்றாசியம் பரமங்கனேற்றுடன் வைத்துக் கட்டி, பழுப்பதைத் தாமதிக்கச் செய்தனர். ஊதாப் பொருள் கபிலமானால் அதன் வேலை தீர்ந்தது என்று பாமரனும் அறியலாம். இத்துறையில் கரி பின்தங்கிவிட்டது என்றே சொல்லவேண்டும்.

எனினும் கரி வேறொரு வாயிலால் உள்ளே வந்தது. பழங்கள் பறித்த பின்னும் சுவாசிப்பவை. கேம்பிறிட்ஜைச் சேர்ந்த கிட், வெஸ்ற் என்னும் இருவர், ஒட்சிசனைக் குறைத்துக் காபனீரொட்சைட்டைக் கூட்டினால் அப்பிளின் சுவாசம் தளர்ந்து ஆயுள் நீளும் எனக் காட்டினர். அம்முறையில் 1929இல் கென்ற் மாகாணத்தில் வணிகக் களஞ்சியம் எழுந்தது. ஆனால் காபனீரொட்சைட்டு அளவு மீறினால் பழத்தின் உள்ளே கபில நிறம் படரும். மிகுதியான அவ்வாயுவைப் பிடிப்பதற்கு ஏவப்பட்ட கரி பொருத்தமாயிற்று. களஞ்சியக் காற்றைக் கரிப்படுக்கையினூடே ஓட்டுவர். கரி நிரம்பியதும் வெளிக்காற்றை ஊதினால் பிடித்ததை விட்டுவிடும். மறுபடி அதே கரி வேலைக்கு வரும். எதிலீனை வெல்ல இயலாத கரி, ஓசையின்றிச் செய்த பெரும்பணி இதுவே. சிறப்பித்துச் சொல்வார்தான் குறைவு.

துணையோடு நின்ற கரியையும் முற்றாகத் தள்ளிவிட இயலாது. 1991இல் அபே, வற்றாடா என்போர் பலேடியம் குளோரைட்டு ஊட்டிய கரியை, நறுக்கிய பழங்களுடனும் காய்கறிகளுடனும் 20 பாகை வெப்பத்தில் வைத்துச் சோதித்தனர். கிவிப்பழமும் வாழைப்பழமும் குழைவது குறைந்தது. பசளிக்கீரையின் பச்சை நிலைத்தது. புறொக்கொலியில் மட்டும் பயன் தெரியவில்லை. பலேடியம் விலையுயர்ந்த உலோகம் என்பதையும் மறத்தலாகாது.

குருநாகல், புத்தளம் பகுதிகளில் எரித்த சிரட்டைக்கரி, இலங்கைத் தொழிற்சாலைகளில் ஏவப்பட்டு, நீரையும் காற்றையும் தூய்மையாக்கும் பொருளாகப் பல நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்கும் கரிப்பொதி மீன்வாடையைப் போக்கும். பக்கத்திலிருக்கும் வாழைச்சீப்பைப் பழுக்காமல் நிறுத்தாது. அதற்குக் கனிந்த பழத்தைக் காயிலிருந்து பிரித்து வைக்கும் சந்தைக்காரியின் பழைய வழக்கமே கரியினும் கைகொடுக்கும்.