சிவப்புச் சுவரும் லயத்து வெள்ளையும்

வீட்டின் உட்சுவருக்குச் செங்காவி நிறம் பூசுவது இப்போது மீண்டும் பரவி வருகிறது. இதைப் புதிய நாகரிகம் என்று நினைப்பவர் பலர். ஊவாவில் இந்த நிறத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சுவர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

ஹாலிஎலவிலிருந்து பண்டாரவளை நோக்கிச் செல்லும் பாதையில் தோவ குகை விகாரை இருக்கிறது. அதன் உட்சுவர்களில் கண்டி மரபுச் சுவரோவியங்களைக் காணலாம். சிவப்பைப் பின்புலமாக்கி, அதன்மேல் உருவங்களைத் தீட்டுவது அம்மரபின் அடையாளம். அச்சிவப்புக்குப் பயன்பட்ட பொருள்களுள் ஒன்று சாதிலிங்கம். 1908இல் வெளிவந்த தமது 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற நூலில் ஆனந்த குமாரசுவாமி இதைப் பதிவு செய்துள்ளார். நம் சித்த மருத்துவர்கள் வழங்கும் பெயரும் அதுவே. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த அப்பொருள் விலை கூடியது, நஞ்சும் ஆகும். எளியவர்களின் சிவப்பு வேறு. அது மண்ணிலுள்ள இரும்புத் துருவினால் உண்டாகும் காவி. வெயிலில் வெளிறாது, சுண்ணாம்புடனும் ஒத்துப்போகும்.

தேயிலைக் காலத்தில் சிவப்பு துரை பங்களாவின் தரையில் குடியேறியது. காவித்தூள் கலந்த சீமெந்துத் தரைக்குச் சிவப்புப் பொலிஷ் இட்டு, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். முகம் தெரியும் அளவுக்குத் தரை மின்னும். அப்படித் தேய்த்த கைகள் பெரும்பாலும் லயத்திலிருந்து வந்தவை. அந்தக் கைகளுக்குரியவர்களின் காம்பராவில் மண் தரையும் சாணி மெழுகலுமே இருந்தன.

லயக் காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. சுவர் தோட்டத்தின் உடைமை. அதற்கு நிர்வாகம் அடித்தது சுண்ணாம்பு வெள்ளை. கிருமிகளைக் கொல்லும், மலிவானது என்பதால் அதைச் சுகாதார ஏற்பாடாகவே கருதினார்கள். விறகடுப்பின் புகையில் அந்த வெள்ளை சில மாதங்களிலேயே கறுத்துவிடும். தமிழகக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள், தங்கள் ஊர் வழக்கப்படி செம்மண்ணைக் கரைத்துச் சுவரின் அடியில் பட்டையாகப் பூசினார்கள். சேறும் கறையும் அதில் தெரியாது. தைப்பொங்கலுக்கு அந்தப் பட்டை புதிதாகும். பிறருடைய சுவரில் அவர்கள் தமக்கென்று எடுத்துக்கொண்ட நிறம் அவ்வளவே.

சுவர் மட்டுமன்றி நாடும் அவர்களுடையதல்ல என்று 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் சொன்னது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டது. எந்த வருடம் கப்பலேற வேண்டிவரும் என்று தெரியாத குடும்பம் சுவருக்கு நிறம் பார்த்துக் காசு செலவழிக்குமா? நாடற்ற நிலைக்குப் பெருமளவில் முற்றுப்புள்ளி வைத்த சட்டம் 2003இல்தான் வந்தது. பின்னர், இந்திய உதவியுடன் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் 4,000 கட்டும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆயினும் உறுதிப்பத்திரம் இல்லாத லயக் காம்பராக்களில் இன்றும் ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன.

புது வீட்டுக்காரர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. சிவப்பு அறையின் குளிரைக் குறைப்பதில்லை; கண்ணுக்கு மட்டுமே கதகதப்புத் தரும். அடர் சிவப்பு வெளிச்சத்தை விழுங்கும். சிறிய சன்னல் உள்ள அறையில் நான்கு சுவருக்கும் அதைப் பூசினால் பட்டப்பகலிலும் விளக்குத் தேவைப்படும். சன்னல் வெளிச்சம் நேராக விழும் ஒரு சுவருக்கு மட்டும் செங்காவி பூசி, மற்றவற்றுக்கு வெளிர் நிறம் கொடுக்கலாம். சுவர் ஈரம் முற்றாக உலர்ந்த பிறகு பூசுவது நல்லது. ஊவாவுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை மிகுதி என்பதை மறக்கக் கூடாது.

எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வாதாடுவது பிற இடங்களில் சிறு விஷயம். தோட்டப்புறத்தில் அந்த வாதம் தொடங்கவே ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. லயங்களில் எஞ்சியிருப்போர் வீட்டிலும் அது தொடங்க வேண்டுமானால், முதலில் காணி உறுதி அவர்கள் கைக்கு வந்தாக வேண்டும்.