சணற்செடியும் சட்டமும்

ஒரு பொருளுக்கு இட்ட பெயர் குழம்பினால், அதைப் பற்றிய சிந்தனையும் குழம்பும். சிந்தனை குழம்பினால் சட்டமும் தடுமாறும். இதற்குச் சிறந்த சான்றாக ஒரு செடியின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என வழங்கும் நார்ப்பயிரே அது. கஞ்சா தரும் இனமும் நார் தரும் இனமும் தாவர நூலார் கணக்கில் ஒரே செடிதான். ஒன்று சிறைக்கு வழி காட்டுவது. மற்றொன்று கப்பற்கயிறும் துணியும் காகிதமும் தருவது. இப்பேச்சில் இரண்டாவதை நார்ச்சணல் என்று குறிப்பிடுவேன்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். நாம் இன்று சணற்சாக்கு என்பது வங்காளத்தில் விளையும் வேறொரு செடியின் நார். நம் உழவர்கள் பசுந்தாள் உரத்துக்காக வயலில் விதைக்கும் சணப்பு, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. புளிச்ச நார் தரும் செடியோ செம்பருத்திக்கு உறவு. மணிலாக் கயிறு, வாழை இனத்தின் நார். ஆங்கில வணிகர்கள் இவற்றுள் பலவற்றை 'ஹெம்ப்' என்றே அழைத்தனர்; நம் சணப்புக்கு 'மதராஸ் ஹெம்ப்' என்றே ஒரு பெயர் உண்டு. கஞ்சாவோடு எவ்வித உறவும் இல்லாத செடிக்குக் கிடைத்த பெயர் இது!

இந்தப் பெயர்ப் பெருக்கத்துக்குக் காரணம் கடற்படை. பாய்மரக் கப்பற்காலத்தில் கயிறும் பாயும் இன்றேல் கப்பல் இல்லை. அவற்றுக்கு வேண்டிய நார்ச்சணலுக்கு இங்கிலாந்து பெரிதும் ருஷ்யாவையே நம்பி இருந்தது. 1807-ஆம் ஆண்டில் நெப்போலியனும் ருஷ்யப் பேரரசரும் டில்சிட்டில் உடன்படிக்கை செய்துகொண்டபோது அந்த வாணிகத்துக்கு ஆபத்து நேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பார்வையும் இந்தியச் செடிகளின்மேல் விழுந்தது. சென்னை மாகாணத்துச் சாமல்கோட்டையில் பணியாற்றிப் பின் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவரான வில்லியம் ராக்ஸ்பரோ, நம் நாட்டு நார்கள் பலவற்றை ஆராய்ந்து அவற்றின் வலிமையை ஒப்பிட்டு எழுதினார். அக்காலத்தில் ஆட்சியாளர் இச்செடியை நாருக்காகவும் நோக்கினர்.

ஆனால் நீராவிக் கப்பலும் இரும்புக் கயிறும் வந்தபின் நாரின் மதிப்புத் தாழ்ந்தது. போதையைப் பற்றிய பேச்சு மேலோங்கியது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் விளைவாக 1893-இல் இந்திய ஹெம்ப் மருந்துகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதில் எழுவர், அவருள் மூவர் இந்தியர். 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று அடுத்த ஆண்டு அறிக்கை தந்தனர். முழுத் தடை வேண்டியதில்லை, உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்தலே தக்கது என்பது அவர்கள் முடிவு. அவ்வறிக்கை அலசியது போதைப்பொருளை. நார் அங்கே முக்கிய இடம் பெறவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் உலக நாடுகள் கூடிச் சட்டம் செய்தன. 1925-இல் ஜெனிவா உடன்படிக்கை இச்செடியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1937-இல் அமெரிக்கா விதித்த வரிச்சட்டம் போதைக்குக் கட்டிய வேலியாயினும், அதன் நிழல் நார் உழவர்மேலும் விழுந்தது. ஆனால் வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்: இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பிலிப்பைன்ஸ் தீவுகளைக் கைப்பற்றியதால் மணிலா நார் கிடைக்காமற் போகவே, 1942-இல் அதே அமெரிக்க அரசின் வேளாண்துறை, நார்ச்சணல் பயிரிடுங்கள் என்று உழவரைத் தூண்டித் திரைப்படமே எடுத்தது! தேவை வந்தபோது நாருக்கும் போதைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தது. தேவை தீர்ந்தபின் மறந்தது. 2018-ஆம் ஆண்டில்தான் போதைச்சத்து 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத செடியை அந்நாடு முழுமையாகச் சட்டப் பயிராக்கியது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1961-இன் உலக உடன்படிக்கை, நாருக்கும் விதைக்கும் மட்டுமே பயிரிடப்படும் செடிக்குத் தன் விதிகள் பொருந்தா என்று விலக்கு அளித்தது. 1985-இல் இயற்றப்பட்ட நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும், தன் 14-ஆம் பிரிவில், நாருக்காகவும் விதைக்காகவும் தோட்டக்கலைக்காகவும் பயிரிட அரசு அனுமதி வழங்கலாம் என்று வழிவிட்டது. கதவு பூட்டப்படவில்லை, சாத்தப்பட்டிருந்தது. அதை முதலில் திறந்தது உத்தரகண்ட் மாநிலம். அம்மலைநாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக இச்செடியின் விதையைத் துவையலுக்கும் நாரைக் கயிற்றுக்கும் பயன்படுத்தி வந்தவர்கள். 2018-இல் அம்மாநிலம் தொழில்முறைப் பயிருக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. 2021-இல் நடுவண் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதன் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்றது. எனினும் உரிமமின்றி இதனைப் பயிரிடுதல் பத்தாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

இனி, இதனால் விளையும் நன்மைகள் யாவை? நெருக்கமாக விதைத்தால் ஏறத்தாழ நான்கு திங்களில் ஆளுயரத்தைக் கடந்து வளரும். களையைத் தானே அடக்கும். பருத்தியைக் காட்டிலும் குறைந்த பூச்சிமருந்தே வேண்டும். தண்டின் புறப்பட்டையிலிருந்து நார் கிடைக்கிறது. உள்தக்கையைச் சுண்ணாம்போடு கலந்து, வெப்பம் தாங்கும் இலேசான கட்டுமானப் பொருள் செய்கிறார்கள். இது முற்றிலும் புதிய எண்ணமன்று. எல்லோராக் குகைகளின் மண்சாந்தில் இச்செடியின் துணுக்குகள் கலந்திருப்பதையும், அச்சாந்து நூற்றாண்டுகள் பல கடந்தும் பூச்சி அரிக்காமல் நிற்பதையும் இந்திய ஆய்வாளர்கள் 2016-இல் எடுத்துக்காட்டினார்கள்.

இந்த நன்மைகளை எடைபோட நமக்கு வேண்டிய பாடங்கள் வெளியூரில் இல்லை. தாம்பரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலுமே இருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. கஞ்சாவைச் சுத்தி செய்தே மருந்திற் சேர்க்க வேண்டும் என்பது சித்த மருத்துவ மரபு. நஞ்சும் மருந்தும் முறையாலும் அளவாலும் பிரிவன என்ற அறிவு நம்மவர்க்குப் பழையது. சட்டமும் செடியை இவ்வாறே, பகுதியும் பயனும் நோக்கிப் பார்க்க வேண்டும். இது முதற்பாடம்.

இரண்டாவது பாடம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. 2022-இல் ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்ட அச்சதுப்புநிலத்தை ஒட்டியே பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது. அதில் மக்காத பிளாஸ்டிக் எவ்வளவு புதைந்தது என்பதை அவ்வழியே செல்வோர் அறிவர். தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. தடை மட்டும் போதாது. கடைக்காரர் கையில் கொடுக்க மாற்றுப்பொருள் வேண்டும். மக்கும் நார் எதுவாயினும் அதற்கு இங்கே இடம் உண்டு.

மூன்றாவது பாடம் குரோம்பேட்டையின் பெயரிலேயே பொதிந்திருக்கிறது. குரோம் முறையில் தோல் பதனிட்ட கம்பெனியால் வந்த பெயர் அது. அத்தொழில் ஆயிரமாயிரம் பேருக்குச் சோறிட்டது. ஆனால் தோல் ஆலைகளின் கழிவு தமிழகத்தின் பல ஊர்களில் கிணற்று நீரைக் கெடுத்தது. 1996-இல், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்குரிய விலையைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நார்ச்சணலை ஆதரிப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். தண்டை நீரில் ஊறவைத்து நார் உரிக்கும் பழைய முறை, நீரின் உயிர்வளியைக் குடித்து மீனை மாய்ப்பது. ஏரிகள் சூழ்ந்த இப்பகுதியில் அதைச் செய்தால் ஒரு கேட்டை நீக்கி மறு கேட்டைக் கொணர்ந்தவராவோம். செடி பசுமையானது என்பதால் ஆலையும் பசுமையானதாகிவிடாது.

மற்றொரு தடையும் உண்டு. அது சட்டம் விதித்ததன்று, ஞாயிறு விதித்தது. பகற்பொழுது சுருங்கும்போது பூப்பது இச்செடியின் இயல்பு. நெடும்பகல் கொண்ட வடநாடுகளில் உயர்ந்து வளரும் வகைகள், 13 பாகை அட்சரேகையில் உள்ள நம்மிடம் விரைவில் பூத்துக் குட்டையாக நின்றுவிடும். குட்டைத் தண்டில் நீண்ட நார் ஏது? ஆதலின் உத்தரகண்டின் விதையை அப்படியே கொணர்ந்து செங்கற்பட்டு மாவட்டத்தில் தூவினால் போதும் என்பது கனவு. மேலும் போதை மிகுந்த செடியையும் குறைந்த செடியையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. சோதனைச்சாலை இல்லாத ஊரில் உரிமம் வழங்கினால், நேர்மையான உழவனும் ஐயத்துக்கு ஆளாவான்.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? இரண்டைச் சொல்வேன். நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற, போதையற்ற வகைகளை அரசின் கண்காணிப்பில் ஆராய்வது ஒன்று. அதற்குச் சட்டம் ஏற்கெனவே இடம் தந்துள்ளது. மற்றொன்று, எந்தச் சட்டமும் எந்நாளும் தடுக்காத நம் சணப்பை மீண்டும் நாராகவும் எண்ணிப் பார்ப்பது. காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் அச்செடியை நாம் உழுது மடக்கும் உரமாக மட்டுமே கருதப் பழகிவிட்டோம். வலைக்கும் கயிற்றுக்கும் அதன் நாரை நம் முன்னோர் பயன்படுத்தினர். வெளிநாட்டு வணிகர் 'மதராஸ்' என்று நம் பெயரையே அதற்கு இட்டனர்.

மாணவ நண்பர்களே, ஒரு செடியை நல்லது என்றும் தீயது என்றும் முழக்கமிடுதல் எளிது. எந்தப் பகுதி, எந்த அளவு, எந்த மண், எந்த நீர் என்று கேட்டு விடை காணுதல் அரிது. வேதியியல் பயில்வோர் போதைச்சத்தை அளக்கட்டும். வேளாண்மை பயில்வோர் விதையைத் தேரட்டும். சட்டம் பயில்வோர் அந்தப் பதினான்காம் பிரிவைப் படிக்கட்டும். ஏரிக்கரையில் வாழ்வோர், ஆலை வருமுன்னரே அதன் கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியைக் காலத்தில் கேட்டிருந்தால் இப்பகுதியின் கிணறுகள் பல காப்பாற்றப்பட்டிருக்கும்.