காத்திருக்கும் கடமை: புகையிரதக் கடவைகளின் வரலாறு

வீதியும் இருப்புப்பாதையும் ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று ஊடறுக்கும் இடம் கடவை எனப்படும். அவ்விடத்தே இயல்பால் வேறுபட்ட இருவகைப் போக்குவரத்துகள் சந்திக்கின்றன. ஒன்று நினைத்தவிடத்து நிற்கவும், விலகவும், திரும்பவும் வல்லது. மற்றையது தன் தண்டவாளத்தைவிட்டு ஓரடியேனும் விலக இயலாதது. தடுப்பை இட்ட பின்னரும் நெடுந்தூரம் ஓடியே நிற்பது. ஆதலின் காத்திருக்கும் கடமை வீதியில் வருவோனுக்கே உரியது என்பதை இன்று எவரும் ஐயுறுவதில்லை. ஆயின் இக்கொள்கை புகையிரதத்தோடு உடன்பிறந்ததன்று. காத்திருக்க வேண்டியவன் யார், எவ்வளவு நேரம் காத்திருப்பது, அவனைக் காத்திருக்கச் செய்வது எது என்னும் மூன்று வினாக்களுக்கும் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்தன. அவ்விடைகளின் வரலாறே கடவைகளின் வரலாறாகும். புகையிரதம் முதன்முதல் வளர்ந்த நாடு இங்கிலாந்து ஆதலின், அவ்வரலாற்றின் பெரும்பகுதியும் அந்நாட்டிலேயே காணக் கிடைக்கின்றது.

லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட காலத்தில், வீதி பழைய உரிமையாளனாகவும் புகையிரதம் புதிதாக வந்த விருந்தினனாகவும் இருந்தன. குதிரையும் மாடும் கால்நடையாக மக்களும் நூற்றாண்டுகளாகச் சென்ற வழியின் குறுக்கே புதிய வாகனம் வந்தது. வருவதை அறிவிக்கும் கருவிதானும் அப்போது செம்மையாக அமைந்திருக்கவில்லை. 1833ஆம் ஆண்டில் லெஸ்டர் - சுவானிங்ரன் பாதையிலுள்ள ஒரு கடவையில் வெண்ணெயும் முட்டையும் ஏற்றிச் சென்ற வண்டியொன்றை இயந்திரம் மோதியது என்றும், அதன் பின்னரே நீராவியால் ஒலிக்கும் ஊதுகுழல் இயந்திரத்திற் பொருத்தப்பட்டது என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. செய்தியின் நுணுக்கங்கள் எவ்வாறாயினும், புகையிரதத்தின் ஊதலொலி கடவையின் ஆபத்தோடு தொடர்புற்றது என்னும் நினைவு மட்டும் நிலைத்துவிட்டது.

சட்டம் விரைவில் இதிற் புகுந்தது. கடவைகளிற் படலை அமைத்து, அவற்றைத் திறக்கவும் மூடவும் ஆட்களை நியமித்தல் புகையிரதக் கம்பனிகளின் கடன் என 1839ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அப்படலைகள் சாதாரணமாக எப்பக்கம் மூடியிருத்தல் வேண்டும் என்பதே அடுத்த வினா. தண்டவாளத்தின் குறுக்கே மூடியிருப்பின் காத்திருக்க வேண்டியது புகையிரதம். வீதியின் குறுக்கே மூடியிருப்பின் காத்திருக்க வேண்டியவன் வழிப்போக்கன். 1842ஆம் ஆண்டுச் சட்டம் படலைகள் தண்டவாளத்துக்குப் பதிலாக வீதியின் குறுக்கே மூடியிருத்தல் வேண்டும் என்றது. 1845ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே பொதுவிதியாகக் கொண்டது. பழைய உரிமையாளன் தன் வாசலிலே நின்று காத்திருக்க, விருந்தினன் நிறுத்தாது உள்ளே செல்லும் முறை இவ்வாறு சில ஆண்டுகளுக்குள் நிலைபெற்றது.

இம்முறையின் உயிர்நாடி படலையன்று, படலைக் காவலாளனே. கடவையின் அருகே அவனுக்கென ஒரு சிறு வீடு கட்டிக் கொடுக்கப்பட்டது. கணவன் தண்டவாள வேலைக்குச் செல்ல, மனைவியே படலையைக் காத்த இடங்களும் பலவாம். பிற்காலத்தில் முக்கியமான கடவைகளிற் படலையும் கைகாட்டியும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. படலை வீதிக்குக் குறுக்கே மூடப்பட்டாலன்றிக் கைகாட்டி இறங்காது. கைகாட்டி இறங்கினாலன்றிப் புகையிரதம் கடவையை அணுகாது. பாரவண்டி ஒன்று தண்டவாளத்தின் நடுவே சக்கரம் உடைந்து நிற்குமாயின், அதனைக் காணும் கண் ஒன்று அங்கே இருந்தது; படலையை மூட இயலாமையால் புகையிரதம் தொலைவிலேயே நிறுத்தப்பட்டது. வீதியில் வருவோன் அறிவிலியாயினும், செவிடனாயினும், மிக மெதுவாகச் செல்வோனாயினும் அவனைக் காக்கும் பொறுப்பு பிறிதொரு மனிதனிடத்து இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முறைக்கு இடர் வந்தது. மோட்டார் வாகனங்கள் பெருகின. ஒரு படலை சில நிமிடங்கள் மூடியிருப்பினும் நீண்ட வரிசை சேர்ந்தது. காவலாளர்க்குக் கொடுக்கும் சம்பளமும் ஏறியது. ஐரோப்பாவின் பிற நாடுகளிற் காவலாளன் இன்றித் தாமே இயங்கும் கடவைகள் இருப்பதை அறிந்து, 1956ஆம் ஆண்டிற் பிரித்தானிய உத்தியோகத்தர் குழுவொன்று ஒல்லாந்து, பெல்ஜியம், பிரான்சு ஆகிய நாடுகளுக்குச் சென்று அவற்றைப் பார்வையிட்டது. 1957ஆம் ஆண்டில் அதற்கு வேண்டிய சட்ட அதிகாரமும் கிடைத்தது. 1961ஆம் ஆண்டில் ஸ்ரவோட்சயரிலுள்ள ஸ்பாத் என்னுமிடத்தில் முதலாவது தன்னியக்க அரைப்படலைக் கடவை திறக்கப்பட்டது.

அரைப்படலையின் அமைப்பில் மனித இயல்பு பற்றிய நுண்ணிய சிந்தனை அடங்கியிருந்தது. வரும் புகையிரதமே தண்டவாளத்திலுள்ள கருவியை மிதித்து மணியையும் செவ்விளக்குகளையும் இயக்கும்; பின்னர் வீதியின் இடப்பாதியை மட்டும் மறைக்கும் தடி இறங்கும். பாதியை மட்டும் மறைத்தற்குக் காரணம், ஏற்கெனவே உட்புகுந்த வாகனம் இரு தடிகளுக்கிடையே அகப்படாது வெளியேறுதல் வேண்டும் என்பதே. ஆயின் திறந்திருக்கும் மறுபாதி வேறோர் ஆபத்தையும் அழைத்தது. நெடுநேரம் காத்து நிற்போன் பொறுமையிழந்து, தடியைச் சுற்றி வளைந்து செல்ல முற்படுவான். இதனைத் தடுத்தற்கு அமைப்பாளர் கண்ட வழி காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தலாகும். மணி ஒலித்துச் சிறிது நேரத்துள்ளே புகையிரதம் வந்துவிடும் என்பது மக்கள் மனத்திற் பதியுமாயின் எவரும் துணியார் என அவர்கள் கருதினர். ஆகவே எச்சரிக்கைக் காலம் குறுகியிருந்தமை கவனமின்மையால் நேர்ந்ததன்று. அவசரக்காரனைக் காக்கும் பொருட்டு வேண்டுமென்றே வகுக்கப்பட்டது. மெதுவாகச் செல்வோன் என்ன செய்வான் என்னும் வினாவுக்கு, கடவையருகே ஒரு தொலைபேசியும் அதனைப் பயன்படுத்தும்படி கூறும் ஒரு பலகையும் விடையாக வைக்கப்பட்டன.

அவ்விடை போதுமா என்பதை 1968ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சோதித்தது. ஸ்ரவோட்சயரிலுள்ள ஹிக்சன் என்னும் ஊரின் கடவை 1967ஆம் ஆண்டிலேதான் தன்னியக்க முறைக்கு மாற்றப்பட்டிருந்தது. அன்று 120 தொன் நிறையுள்ள மின்மாற்றியொன்றை ஏற்றிய நெடிய வாகனம் ஸ்ரவோட்டிலிருந்து அவ்வூரின் கைவிடப்பட்ட விமானத்தளத்தை நோக்கிச் சென்றது. இழுவைப்பொறிகள் முன்னும் பின்னுமாக அமைந்த அதன் நீளம் 148 அடி. முன்னே பொலிஸ் வாகனம் வழிகாட்டிச் சென்றது. பொலிசார் கடவையைத் தாண்டினர், பெருவாகனமும் தொடர்ந்தது. கடவையின் மேலே 25,000 வோல்ற்று மின்கம்பிகள் சென்றன. சுமை அவற்றைத் தீண்டிவிடுமோ என்னும் அச்சத்தால் வாகனத்தார் கண்ணை மேலே வைத்து, மணிக்குச் சுமார் 2 மைல் வேகத்தில் ஊர்ந்தனர். அவ்வேளையிலேதான் மணி ஒலித்தது; தடி இறங்கியது. மான்செஸ்டரிலிருந்து இலண்டன் நோக்கிய கடுகதி வண்டி வந்துகொண்டிருந்தது. சாரதிகள் குதித்தோடாது வேகத்தைக் கூட்டி வாகனத்தை அப்பாற்படுத்தவே முயன்றனர். வாகனத்தின் பெரும்பகுதி கடந்தும், பின்பகுதியும் சுமையும் எஞ்சி நின்றன. வண்டி அதன்மேல் மோதியதால் 11 பேர் மாண்டனர். அவர்களுள் மூவர் புகையிரத ஊழியர்.

இவ்விபத்தின் உட்பொருளை விளங்கிக்கொள்வதற்குச் சிறு கணக்கொன்று போதும். புகையிரதம் கருவியை மிதித்தது முதல் கடவையை அடைவது வரையுள்ள காலம் 24 விநாடி. மணிக்கு 75 மைல் ஓடும் வண்டி அக்காலத்தில் அரை மைல் வந்துவிடும். மணிக்கு 2 மைல் ஊரும் வாகனமோ 70 அடியளவே செல்லும். 148 அடி நீளமுள்ள வாகனம் கடவையை முற்றாகக் கடக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் வேண்டும். எனவே மணி ஒலிக்கும்போது வாகனம் உள்ளே இருக்குமாயின், எவருடைய திறமையாலும் அதனைக் காக்க இயலாது. காப்பாற்றக்கூடிய ஒரே செயல் உள்ளே புகுமுன் தொலைபேசியிற் சைகையாளரைக் கேட்பதாகும். அதனைக் கூறும் பலகை கடவையில் இருந்தது. ஆயினும் ஓடும் வாகனத்திலிருந்து வாசித்து விளங்கிக்கொள்ளத்தக்க அளவிலும் இடத்திலும் அது இருக்கவில்லை. வழிகாட்டிய பொலிசாரும் அவ்விதியை மனங்கொண்டிருக்கவில்லை.

1879ஆம் ஆண்டுத் தே பால வீழ்ச்சிக்குப் பின்னர் எந்தப் புகையிரத விபத்துக்கும் நடைபெறாத பகிரங்க நீதி விசாரணை இதற்கென நடைபெற்றது. பிரையன் கிப்பன்ஸ் என்னும் வழக்கறிஞர் அதற்குத் தலைமை தாங்கினார். 1966ஆம் ஆண்டிலேயே லெமின்ஸ்ரர் என்னுமிடத்தில் இத்தகைய பாரவாகனமொன்று அரும்பொட்டில் தப்பியமையும், அதன் உரிமையாளர் புகையிரத நிருவாகத்துக்கு எழுதிய கடிதத்துக்குத் தக்க மதிப்பளிக்கப்படாமையும் விசாரணையில் வெளிவந்தன. பழி ஒருவர்மேல் மட்டும் சார்த்தப்படவில்லை. அமைப்பை வகுத்தோர், அதனை அறிவித்தோர், அறிவிக்கப்பட்டோர் என யாவரிடத்தும் சிறிது சிறிதாகக் குறை இருந்தது. பின்னர்ச் செவ்விளக்குக்கு முன்னர் எரியும் மஞ்சள் விளக்கு சேர்க்கப்பட்டது. எச்சரிக்கைக் காலம் சில விநாடிகள் நீட்டப்பட்டது. நீண்டனவும் மெதுவானவுமான வாகனங்களுக்குரிய பலகைகள் பெரிதாக்கப்பட்டன. அவசரக்காரனை எண்ணி வகுத்த கருவி மெதுவாகச் செல்வோனை மறந்தது என்பதே ஹிக்சன் புகட்டிய பாடம்.

இதனால் அவசரக்காரனின் தவறு சிறிதாகிவிடாது. கடவைகளில் நிகழும் மரணங்களிற் பல, எச்சரிக்கையைக் கண்டும் துணிந்தோர்க்கே நேர்கின்றன. துணிவுக்குரிய காரணங்களும் ஆராயப்பட்டுள்ளன. பெரிய உருவமுடைய பொருள் உண்மையான வேகத்தினும் மெதுவாக வருவதுபோலக் கண்ணுக்குத் தோன்றும் என்பதை, 1985ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலறிஞர் ஹேர்ஷல் லீபோவிற்ஸ் கடவை விபத்துகளுக்கு ஒரு விளக்கமாகக் கூறினார். நேரே எதிர்நோக்கி வரும் புகையிரதம் நெடுநேரம் ஒரே அளவினதாகத் தோன்றி, இறுதியிலேயே திடீரெனப் பெருக்கின்றது. நாடோறும் ஒரே கடவையைக் கடப்போனுக்குப் பழக்கமே பகையாகின்றது. ஆயிரம் முறை வெறுமையாக இருந்த பாதை ஆயிரத்தோராவது முறையும் வெறுமையாகவே இருக்கும் என மனம் நம்பிவிடுகின்றது. இருவழிப் பாதைகளில் ஒரு வண்டி கடந்தவுடன் ஆபத்து நீங்கிற்று என எண்ணுதலும் அத்தகைய மயக்கமே. 2005ஆம் ஆண்டு டிசெம்பரில் இங்கிலாந்தின் எல்சனம் நிலையத்தில், ஒரு வண்டி சென்றதும் நடைக்கடவையிற் புகுந்த இரு சிறுமியர், எதிர்த்திசையில் வந்த மற்றொரு வண்டியால் மாண்டனர். அங்கும் நிருவாகத்தின் பொறுப்பு மறைந்துவிடவில்லை. கடவையின் ஆபத்து முன்னரே மதிப்பிடப்பட்டிருந்தமை பின்னர் வெளிப்பட, 2012ஆம் ஆண்டில் தண்டவாளப் பகுதியை நடத்திய நிறுவனம் குற்றத்தை ஏற்று 10 இலட்சம் பவுண் தண்டம் செலுத்தியது.

இலங்கையின் புகையிரதப் பாதைகள் ஆங்கிலேயர் ஆட்சியில் அமைந்தனவாதலின், படலையும் காவலாளனும் என்னும் முறையும் அவற்றோடு இங்கு வந்தது. கொழும்பிலிருந்து அம்பேபுசை நோக்கிய முதற்பாதையில் 1864ஆம் ஆண்டில் வண்டி ஓடியது. வடபாதை 1905ஆம் ஆண்டில் முழுமையுற்றது. 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் பொல்காவலைக்கு அண்மையிலுள்ள கடவையொன்றில், வண்டிக்கு முந்திக் கடந்துவிட முயன்ற பயணிகள் பஸ்ஸொன்று புகையிரதத்தால் மோதுண்டு, முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காத்திருக்கும் கடமையைப் புறக்கணித்தவன் ஒருவன். அதன் விலையைக் கொடுத்தோர் அவனை நம்பி ஏறியிருந்த பலர். காலில் நடந்து கடப்போன் தன்னுயிரையே பணயம் வைக்கின்றான்; சாரதியோ பிறருயிரையும் பணயம் வைக்கின்றான்.

வடபகுதியின் நிலை தனித்தன்மையுடையது. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை போரினால் அற்றுப்போயிற்று. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, பாதை கிடந்த நிலம் மக்களின் நடைவழியாயிற்று. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015ஆம் ஆண்டு சனவரியிற் காங்கேசன்துறை வரையும் சேவை மீண்டபோது, புகையிரதத்தைக் கண்ணாற் காணாமலே வளர்ந்த ஒரு தலைமுறை அங்கு இருந்தது. பழைய மெதுவான வண்டியை நினைவிற் கொண்டிருந்த முதியோர்க்கும் புதிய பாதையின் வேகம் புதிதாயிருந்தது. 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வீதி கண்ட விருந்தினனை வடபகுதி வீதி நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் இருமுறை எதிர்கொண்டது எனலாம். கடவைகள் பலவற்றிற் பொலிசாரின் மேற்பார்வையில் நாட்கொடுப்பனவுக்கு ஆட்கள் காவலாளராக அமர்த்தப்பட்டனர். சொற்ப ஊதியத்துக்கும் நிரந்தரமின்மைக்கும் எதிராக அவர்கள் பலமுறை குரல் எழுப்பினர். பிறருயிரைக் காக்கும் பணியை இத்துணை எளிதாக மதித்தல், படலையின் உயிர்நாடி காவலாளனே என்னும் பழைய உண்மையை மறத்தலாகும்.

மேற்கூறிய வரலாற்றை ஒருங்கு நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். காவலாளன் நின்றவரையும் வழிப்போக்கனின் அறியாமையையும் அவசரத்தையும் மற்றொரு மனிதன் சுமந்தான். அவன் விலக, அவனுடைய பொறுப்பு ஒரு மணிக்கும் விளக்குக்கும் பலகைக்கும், எஞ்சியது வழிப்போக்கனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மணி ஒலிக்கும், ஆயின் அது எவரையும் கையைப் பிடித்து நிறுத்தாது. ஆதலின் காவலாளனை அகற்றும் சமுதாயம், அவன் செய்த காவலைத் தன் பிள்ளைகளின் மனத்திற் பழக்கமாக ஊன்றுதல் வேண்டும். எல்லா வகைப் பயணிகளையும், விரைவோரையும் மெலிந்தோரையும், எண்ணிக் கடவையை அமைத்தலும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினும் மற்றையது தனித்துக் காவாது. ஹிக்சனில் அமைப்புத் தவறியது. பொல்காவலையில் மனிதன் தவறினான். தண்டவாளத்திற் சிந்திய குருதியோ இரண்டிடத்தும் ஒரே நிறத்ததாகவே இருந்தது.