19 வயதில் ஹாட்ரிக், 30 வயதில் ஆண்டின் சிறந்த வீரர்: அயர்லாந்து ஹர்லிங் வீரர் ஷேன் ஓடோனல்

அயர்லாந்தின் தொன்மையான விளையாட்டான ஹர்லிங்கில், 19 வயதில் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் மூன்று கோல்கள் அடித்துப் புகழ்பெற்றவர் ஷேன் ஓடோனல். நுண்ணுயிரியல் ஆய்வாளருமான இவர், தலையில் ஏற்பட்ட காயத்தால் விளையாட்டையே கைவிடும் நிலைக்குத் தள்ளப்பட்டார். அதிலிருந்து மீண்ட அவர், 2024-ஆம் ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரராகத் தேர்வு செய்யப்பட்டார்.

ஹர்லிங் என்றால் என்ன?

அணிக்கு 15 வீரர்கள் ஆடும் இவ்விளையாட்டில், ஆஷ் மரத்தால் செய்யப்பட்ட, நுனி அகன்ற மட்டை பயன்படுத்தப்படுகிறது. தோல் உறையிட்ட சிறிய பந்தைத் தரையிலும் அந்தரத்திலும் அடிக்கலாம். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் சென்றால் அது கோல். மதிப்பு மூன்று புள்ளிகள். கம்பத்துக்கு மேலே சென்றால் ஒரு புள்ளி. கோல்களும் புள்ளிகளும் தனித்தனியே குறிக்கப்படுவதால், 5-16 என்பது 5 கோல்கள், 16 புள்ளிகள், அதாவது மொத்தம் 31 புள்ளிகள் ஆகும்.

1884-இல் தொடங்கப்பட்ட கேலிக் தடகள சங்கம் இவ்விளையாட்டை நிர்வகிக்கிறது. 2018-இல் யுனெஸ்கோ, மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஹர்லிங்கைச் சேர்த்தது. 80,000-க்கும் மேற்பட்டோர் திரளும் இறுதிப் போட்டியில் ஆடினாலும் வீரர்களுக்கு ஊதியம் கிடையாது. படிப்பு அல்லது வேலையுடன் சேர்த்தே அவர்கள் தங்கள் மாவட்ட அணிக்காக ஆடுகின்றனர்.

2013: ஒரே நாளில் புகழ்

1994-ஆம் ஆண்டு பிறந்த ஓடோனல், மேற்கு அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் உள்ள என்னிஸ் நகரின் எய்ரே ஓக் கிளப்பைச் சேர்ந்தவர். 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் நடைபெற்ற கிளேர் - கார்க் இறுதிப் போட்டி சமனில் முடிந்தது. இதையடுத்து செப்டம்பர் 28 அன்று மறு ஆட்டம் நடத்தப்பட்டது.

தொடக்க அணியில் இடம்பெறும் தகவல், ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் ஓடோனலுக்குத் தெரிவிக்கப்பட்டது. முதல் 20 நிமிடங்களுக்குள் அவர் மூன்று கோல்களை அடித்தார். கோல்களுடன் மூன்று புள்ளிகளையும் சேர்த்து 3-3 எடுத்தார். கிளேர் அணி 5-16, 3-16 என்ற கணக்கில் வென்று, 1997-க்குப் பிறகு முதல் முறையாக லியாம் மெக்கார்த்தி கோப்பையைக் கைப்பற்றியது. ஆட்ட நாயகனான அந்தக் கல்லூரி மாணவர், ஒரே மாலையில் நாடறிந்த முகமானார்.

ஆய்வும் காயமும்

எனினும் அவர் கல்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளவில்லை. கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்ட அவர், ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார்.

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பயிற்சியின்போது ஏற்பட்ட மோதலில் அவருக்கு மூளை அதிர்வுக் காயம் உண்டானது. ஹர்லிங்கில் தலைக்கவசம் கட்டாயம். ஆனால் தலைக்கவசத்தால் மூளை அதிர்வை முழுமையாகத் தடுக்க இயலாது. அந்த ஆண்டின் எஞ்சிய போட்டிகளில் அவர் பங்கேற்கவில்லை. இனி விளையாடுவதா என்பதே கேள்விக்குறியானது. அறிவுழைப்பையே வாழ்வாதாரமாகக் கொண்ட ஒருவருக்கு, ஊதியமில்லாத விளையாட்டில் மற்றொரு காயத்துக்கு இடமளிப்பது எளிய முடிவன்று. தமது பாதிப்புகளை அவர் வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டது, அயர்லாந்தில் தலைக்காயம் குறித்த விழிப்புணர்வுக்கு உதவியது.

மீட்சி

2022-இல் அவர் மீண்டும் கிளேர் அணிக்குத் திரும்பினார். 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மன்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியில் லிமெரிக் அணியிடம் கிளேர் தோற்றது. எனினும் 2024-ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று நடைபெற்ற அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில், கூடுதல் நேரத்துக்குப் பின் கிளேர் 3-29, 1-34 என்ற கணக்கில் கார்க் அணியை வீழ்த்தியது. வெற்றி வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான விருது, 30 வயதான ஓடோனலுக்கு வழங்கப்பட்டது. களத்தில் எதிர்த்து ஆடும் சக வீரர்களின் வாக்குகளே இவ்விருதைத் தீர்மானிக்கின்றன. 2013, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோப்பை வென்ற கிளேர் வீரர்கள் வெகுசிலரே. அவர்களில் ஓடோனலும் ஒருவர்.