உத்தரமேரூரும் அரசியல் நிர்ணய சபையும்

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணக் கடற்கரைக்குச் செல்லும் மாணவர் பலர், செங்கற்பட்டுக்கு மேற்கே உள்ள உத்தரமேரூரை எட்டிப் பார்ப்பதில்லை. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே ஓர் ஊரின் சட்டம் செதுக்கப்பட்டிருக்கிறது.

முதற் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 919-இல், அரசன் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருக்க, அவ்வூர்ச் சபையார் கூடி, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தனர். இரண்டே ஆண்டுகளில், 921-இல், அதனைத் திருத்தினர். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என மாறியது. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பெற்றுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. முதல் விதியைக் காட்டிலும், குறை கண்டதும் அதனைத் திருத்திய துணிவே எனக்கு வியப்பளிக்கிறது.

பத்து நூற்றாண்டுகளுக்குப் பின், இக்கல்வெட்டு டில்லியிலே பேசப்பட்டது. 1946 டிசம்பர் 9-இல் கூடிய அரசியல் நிர்ணய சபையில், 1948 நவம்பர் 4-இல் டாக்டர் அம்பேத்கர் அரசியல் சட்ட நகலை முன்வைத்தார். கிராமம் குறுகிய நோக்கின் உறைவிடம். தனிமனிதனே ஆட்சிக்கு அடிப்படை அலகு என்பது அவர் கருத்து. உறுப்பினர் பலர் இதனை மறுத்தனர். நவம்பர் 22-இல் கே. சந்தானம் ஊராட்சிகளுக்கென ஒரு திருத்தம் கொணர்ந்தார். டி. பிரகாசம் உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சான்று காட்டினார். அம்பேத்கர் திருத்தத்தை ஏற்றார். அதுவே 40-ஆம் விதி. எனினும் அது நீதிமன்றத்தால் வலியுறுத்த இயலாத வழிகாட்டு நெறியாகவே நின்றது.

இவ்வழக்கில் நியாயம் யார் பக்கம்? கல்வெட்டையே கேட்போம். கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவரே குடவோலைக்கு உரியவர். அது அந்தணருக்கு வழங்கப்பட்ட ஊர். நிலமற்ற உழவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆகவே அம்பேத்கரின் அச்சம் வீணன்று. ஆயினும், பொதுப்பணி செய்தவன் கணக்குக் காட்டவேண்டும், ஒருவனே தொடர்ந்து பதவி வகிக்கலாகாது என்னும் அறங்கள் இன்றும் பழையனவாகிவிடவில்லை.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்தது. 1993-இல் செயலுக்கு வந்த 73-ஆம் திருத்தம், ஊராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கி, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடங்களை ஒதுக்கியது. ஊருக்கு அதிகாரம் வேண்டும் என்ற சந்தானத்தின் வாதமும், ஊருக்குள் எளியவனுக்குக் காப்பு வேண்டும் என்ற அம்பேத்கரின் வாதமும் அங்கே ஒன்றுசேர்ந்தன.

மாணவர்களே, முன்னோர் எழுதியதைப் போற்றுங்கள். அதில் யாருடைய பெயர் விடுபட்டது என்றும் கேளுங்கள். 921-இல் உத்தரமேரூரார் காட்டிய வழியும் அதுவே: குறை கண்டால் திருத்துக.